டி.எல்.டி. அறிக்கையில் எப்போதும் பூஜ்யம், கண்ணில் மட்டும் புள்ளி: கேத் லேப்காரர்கள் கவனிக்கவும்

ஈயக்கவசம்:
தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதய ரத்தக்குழாய்க்குச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியனாக இருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு இந்த வேலைக்கு வந்தவன், நடுவே ஒருமுறை மருத்துவமனை மாறினேன். இப்போது வயது முப்பத்தெட்டு. சென்ற மாதம் கண்ணாடி மாற்றப் போனேன். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். இடது கண் லென்ஸின் பின்புற உறையை ஒட்டிச் சிறு படலம் தொடங்கியிருக்கிறதாம். எனக்குச் சர்க்கரை இல்லை. ஸ்டீராய்டு எடுத்ததும் இல்லை. பார்வை இப்போதைக்குத் தெளிவாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இங்கே சேர்ந்ததிலிருந்து வந்த டி.எல்.டி. அறிக்கைகளையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். டி.எல்.டி. என்பது வேலையில் நாங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்க அணியும் பேட்ஜ். அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். எல்லாவற்றிலும் என் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். தினமும் ஆஞ்சியோ, ஸ்டென்ட், நடுவே பேஸ்மேக்கர் என்று ஓய்வில்லாமல் ஓடும் லேபில் எப்படிப் பூஜ்யம் வரும்? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.விடம் கேட்டால், "பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படுவீர்களா, அதை விட்டுவிட்டு..." என்று சிரிக்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் புள்ளி வேலையால் வந்ததா? இனிமேல் வேறு என்னென்ன வரும்?

திருவெறும்பூரான்:
தம்பி, பேட்ஜை எங்கே குத்துகிறீர்கள்? வேலை முடிந்தால் அது எங்கே இருக்கும்? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஈயக்கவசம்:
அண்ணா, உண்மையைச் சொல்கிறேன். ஈயக் கவசத்துக்கு உள்ளே, நெஞ்சருகே போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெரும்பாலும் போடுவேன். அவசரக் கேஸ் வந்தால் யார் தேடுவது? பேட்ஜ் எல்லாம் லேபுக்குள்ளேயே, கவசங்கள் தொங்கும் சுவரில் ஒரு பலகையில் மாட்டியிருக்கும். கண்ட்ரோல் பேட்ஜும் அதே பலகையில்தான். எங்கள் மூத்த மருத்துவரின் பேட்ஜ் அவருடைய மேசை டிராயரை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அளவு கூடி வந்தால் விசாரணை வரும், கேஸ் செய்ய விடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

அலகுகோல்:
மருத்துவ இயற்பியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிறைய எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பலகை. டி.எல்.டி. அட்டைக்குள் கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்த மூன்று சிறு வட்டுகள் இருக்கும். ஒன்றின் மேல் உலோகத் தகடு, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்த சன்னல். பட்ட கதிர்வீச்சை வட்டுகள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்துதான் டோஸ் சொல்கிறார்கள். கண்ட்ரோல் பேட்ஜ் எதற்கு? இயற்கையாகவே சுற்றுப்புறத்தில் உள்ள கதிர்வீச்சையும், தபாலில் போகும் வழியில் பட்டதையும் கழிப்பதற்கு. அதனால் கதிர்வீச்சே இல்லாத அறையில் அதை வைக்க வேண்டும். நீங்கள் அதை லேபுக்குள்ளேயே தொங்கவிட்டிருக்கிறீர்கள். நோயாளி மேல் பட்டுச் சிதறும் கதிரை அது நாள் முழுவதும் வாங்குகிறது. ஆய்வகம் அந்த அளவை உங்கள் அளவிலிருந்து நேர்மையாகக் கழிக்கிறது. கவசத்துக்கு உள்ளே இருந்த பேட்ஜ் வாங்கியது சொற்பம், சுவரில் தொங்கிய கண்ட்ரோல் வாங்கியது அதைவிட அதிகம். கழித்தால் என்ன வரும்? நீங்கள் சொல்லும் பூஜ்யம்தான்.

கண்ட்ரோல் பேட்ஜைச் சரியான இடத்தில் வைத்தாலும் உங்கள் கண்ணுக்கு என்ன கிடைத்தது என்று அந்த அறிக்கையில் தெரியாது. ஈயத்துக்கு உள்ளே இருக்கும் பேட்ஜ் உடம்பின் கதையைச் சொல்லும். கண், கழுத்து, கை எல்லாம் ஈயத்துக்கு வெளியே இருக்கின்றன. கேத் லேப் ஆட்கள் கழுத்துப் பட்டையில், கவசத்துக்கு வெளியே இரண்டாவது பேட்ஜ் ஒன்று அணிய வேண்டும் என்று உலகம் முழுவதும் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

அடுத்தது கண். லென்ஸில் படலம் விழக் குறைந்தது 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), நீண்ட காலமாகப் பட்டால் 5 கிரே வேண்டும் என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011 ஏப்ரலில் சியோலில் கூடி அதை 0.5 கிரே என்று இறக்கியது. தொழிலாளியின் கண்ணுக்கான வரம்பு அதுவரை வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் (எக்ஸ்ரேக்கு ஒரு சீவர்ட்டை ஒரு கிரே என்றே எடுத்துக்கொள்ளலாம்). அதை ஐந்து வருடச் சராசரியில் 20, எந்தத் தனி வருடத்திலும் 50க்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. சர்வதேச அணுசக்தி முகமை 2008 முதல் பல நாடுகளில் இதய மருத்துவர்களையும் லேப் ஊழியர்களையும் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தது. உங்களுக்குச் சொன்ன அதே பின்புறப் படலம் இவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். ஈயத் தடுப்பு எதுவும் இல்லாமல் மேசையருகே நிற்பவரின் கண்ணுக்கு ஒரு கேஸுக்கு 50 மைக்ரோசீவர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 500 கேஸ் என்றால் 25 மில்லிசீவர்ட், இருபது வருடத்தில் 500. சியோலில் சொன்ன 0.5 கிரே அதுதான். டெக்னீஷியன் சற்றுத் தள்ளி நிற்பதால் இதில் ஒரு பங்குதான் வாங்குவார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் ஒருவரின் புள்ளியைப் பார்த்து, இது வேலையால் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. வயது, வெயில், மருந்து எல்லாம் படலம் தரும். ஆனால் அது இருக்கும் இடமும் உங்கள் வயதும் வேலையும் சேரும்போது நான் சந்தேகப்படுவேன். உங்கள் கண் மருத்துவரும் அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

கடற்கரைமணல்:
அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறீர்கள். நான் மணவாளக்குறிச்சிப் பக்கம். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. என் பாட்டி அந்த மணலில் படுத்து எழுந்து தொண்ணூறு வயது வரை இருந்தார். அதையாவது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடலாம். கேரளத்தில் இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோய் கூடவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அலகுகோல்:
நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். அந்த 70,000 பேரில் வந்த புற்றுநோய் 1,379. அதில் ரத்தப் புற்றுநோய் வெறும் 30. இத்தனை சிறிய எண்ணிக்கையில் மெல்லிய கூடுதல் ஒன்று ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. "கூடவில்லை" என்றால் "பெரிதாகக் கூடவில்லை" என்று படிக்க வேண்டும்.

மறுபக்கம் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுசக்தித் தொழிலாளர்கள். 3 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம் பேர், பலரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்திருக்கிறார்கள். இன்வொர்க்ஸ் என்று பெயர். 2023இல் வந்த முடிவுப்படி, ரத்தப் புற்றுநோய் தவிர்த்த மற்றப் புற்றுநோய்களால் இறக்கும் வாய்ப்பு ஒரு கிரேக்கு 52 சதவீதம் கூடுகிறது. ஒரு கிரே அநேகமாக யாரும் வாங்குவதில்லை, அவர்களின் சராசரியே ஏறத்தாழ 21 மில்லிகிரேதான். வேலைக்காலம் முழுவதும் சேர்த்து 100 மில்லிகிரே வாங்கியவருக்கு இதை இறக்கிப் பார்த்தால், நூறு சாவு நடக்கும் இடத்தில் நூற்றைந்து. கூடுதல் ஐந்து யார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் இதில் கொடுமை. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் உடம்பு சமாளித்துவிடும் என்ற பழைய ஆறுதலுக்கும் அந்த ஆய்வு பெரிதாக இடம் தரவில்லை.

ஆக, பயமுறுத்தவில்லை. அபாயம் சிறியது. சிறியது என்பதாலேயே அதை இல்லை என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

இருட்டறை:
அரசு மருத்துவமனையில் ரேடியோகிராஃபராக இருந்து ஓய்வு பெற்றவன். டார்க் ரூமில் படம் கழுவும் ஃபிக்ஸர் வாடையில் பாதி ஆயுள் போயிற்று. எங்கள் சீனியர்கள் காலத்தில், அழும் குழந்தையைத் தாய் பிடிக்க மாட்டாள், நாம்தான் பிடிப்போம். வெறும் கையால்தான். என் குருவின் வலது கைவிரல் நகங்கள் வரி வரியாகப் பிளந்திருக்கும், தோல் உலர்ந்து பளபளக்கும். சோப்புப் பட்டால் எரிகிறது என்று சொல்லிச் சாம்பலில் கை கழுவுவார். கதிர்வீச்சு என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

எங்களுக்கு ரேடியேஷன் விடுப்பு என்று ஒன்று கொடுத்தார்கள். ஒரு மாதம் வீட்டில் இருந்து பாலும் முட்டையும் சாப்பிட்டால் வாங்கியதெல்லாம் வடிந்துவிடும் என்று நம்பினோம். எக்ஸ்ரே உடம்புக்குள் தங்குவதே இல்லை, பட்ட கணத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விடுகிறது என்று பிறகு பயிற்சி வகுப்பில் சொன்னபோது பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. விடுப்புப் போய்விடுமோ என்ற கவலைதான்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைத் தோட்டத்தில் 1936இல் ஒரு கல் நட்டார்கள். எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் மாண்ட மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், டெக்னீஷியன்கள், செவிலியர்கள் பெயர் அதில் இருக்கிறது. தொடக்கத்திலேயே 169 பெயர். நம் தொழிலின் நடுகல் அது.

அலகுகோல்:
இருட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டிஷ் கதிரியல் மருத்துவர்களை 1897இல் பதிவு செய்தவர்களிலிருந்து தொடங்கி நூறு வருடக் கணக்கு எடுத்தார்கள். 1920 வரை சேர்ந்தவர்களுக்கு மற்ற மருத்துவர்களைவிடப் புற்றுநோய்ச் சாவு 75 சதவீதம் அதிகம். 1954க்குப் பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. இடையில் என்ன நடந்தது? தடுப்பு வந்தது, அளவு வந்தது, வரம்பு வந்தது. மனித உடம்பு மாறிவிடவில்லை.

திருவெறும்பூரான்:
நான் மருத்துவமனைக்காரன் அல்ல. பாய்லர் பற்றவைப்பைக் கதிர்வீசும் இரிடியம் வைத்துப் படம் எடுக்கும் வேலை. திருச்சியைச் சுற்றிய பட்டறைகளில் எங்களைப் போன்றவர்கள் நிறைய. மற்றவர்கள் போன பிறகு ராத்திரி ஷிஃப்டில்தான் எங்கள் வேலை.

உங்களுக்கு மைக்ரோவில் கணக்கு. எங்களுக்கு, காமிரா என்று நாங்கள் சொல்லும் கவசப் பெட்டியிலிருந்து 30 கியூரி இரிடியம்-192 வெளியே வந்து நின்றால் ஒரு மீட்டரில் மணிக்கு 140, 150 மில்லிசீவர்ட். உடம்புக்கான வருட வரம்பான 20ஐ எட்ட எட்டு நிமிடம் போதும். கிராங்க் கைப்பிடியைச் சுற்றி அந்த இரிடியம் சோர்ஸை உள்ளே இழுத்துவிட்டோம் என்று கை சொல்லும், கதிர்வீச்சைக் காட்டும் சர்வே மீட்டர் சொன்னால்தான் நம்ப வேண்டும். நான் முன்பு இருந்த ஒப்பந்ததாரரிடம் மீட்டருக்கு பேட்டரி கேட்டால் நாளைக்கு என்பார். அந்த நாளையை எத்தனை ராத்திரி பார்த்திருப்போம்! சோர்ஸ் போய்வரும் கைட் ட்யூபைக் கழற்றப் போகும்போது மனசு படபடக்கும். ஒருமுறை கூட இருந்த பையன் காமிராவுக்குப் பக்கத்தில் சட்டையோடு பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டான். அளவு எகிறி வந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்ட பாடம், பேட்ஜைக் காமிரா பக்கமே கொண்டுபோகாதே என்பது. அறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். இது யாருக்கு நஷ்டம்?

1999இல் பெரு நாட்டில் யனாங்கோ என்ற நீர்மின் திட்டத்தில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். காலையே வெட்டி எடுத்தார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகளுக்கும் பட்டது. எங்கள் பயிற்சியில் இந்தப் படத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, நம் கால் நன்றாகத்தானே இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தீக்காயம் இல்லை என்றால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமா ஐயா?

அலகுகோல்:
இல்லவே இல்லை. இரண்டும் வேறு வேறு. தோல் வேகுவது, லென்ஸ் மங்குவது, ரத்த அணுக்கள் விழுவது எல்லாம் ஓர் அளவைத் தாண்டினால்தான் வரும். புற்றுநோய்க்கு அப்படி ஓர் எல்லைக்கோடு இருப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. அளவு குறைந்தால் வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். வருவதும் உடனே வராது. ரத்தப் புற்றுநோய் இரண்டு வருடத்திலேயே தலைகாட்டலாம். மற்றவை பத்து, இருபது, முப்பது வருடம் எடுக்கும். அதற்குள் நீங்கள் மூன்று கம்பெனி மாறியிருப்பீர்கள்.

வெண்சங்கு:
கேத் லேப் நர்ஸ். இரண்டு விஷயம். இதய மருத்துவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் கட்டி வருகிறது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, உண்மையா? இன்னொன்று, நான் இப்போது மூன்று மாதக் கர்ப்பம். மேலதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், படி போய்விடும். மாமியார் வேலையையே விடச் சொல்கிறார்.

அலகுகோல்:
முதலில் இரண்டாவது கேள்வி. அம்மா, இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நீங்கள் சொல்லாதவரை அந்த விதி உங்களுக்குத் துணைக்கு வராது. நல்ல கவசமும் சரியான பேட்ஜும் இருந்தால் வயிற்றுக்குப் போவது மிகச் சொற்பம், அதனால் வேலையை விடத் தேவையில்லை. ஆனால் சினே (தொடர் எக்ஸ்ரே படப்பதிவு) ஓடும்போது மேசையருகே நிற்கும் வேலை வேண்டாம் என்று கேளுங்கள். கருவியை இயக்கும் கன்சோல் பக்கமோ வார்டு பக்கமோ போகலாம்.

இடப்பக்கக் கட்டி: 2013இல் ஒரு கட்டுரையில் 31 மருத்துவர்களின் விவரம் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு இடப்பக்கம். கேட்டால் திடுக்கிடும். ஆனால் அவை தேடிச் சேர்த்த கேஸ்கள். மொத்தம் எத்தனை ஆயிரம் மருத்துவர்களில் 31 என்று அதில் இல்லை. எக்ஸ்ரே குழாய் இருப்பதும் மருத்துவரின் இடப்பக்கம் என்பதால் யோசிக்க வைக்கிறது, அதற்கு மேல் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எனக்குத் தெரிந்து கேத் லேப் ஆட்களை அதிகம் வாட்டுவது முதுகுவலி. ஐந்தாறு கிலோ ஈயத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் நின்றால் தண்டுவடம் என்ன ஆகும்? பாவாடையும் சட்டையுமாக இரண்டு துண்டாக வரும் கவசம் கேட்டு வாங்குங்கள், பாரம் இடுப்புக்கும் பிரியும். கவசத்தை மடித்து நாற்காலியில் போடாதீர்கள். உள்ளே ஈயம் வெடித்துப் பிளவு விடும், வெளியே துணி புதுசாகவே தெரியும். வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூரோவில், அதாவது நேரடி எக்ஸ்ரே திரையில், வைத்துப் பார்த்தால் விரிசல் வெள்ளைக் கோடாகவோ கறுப்புக் கோடாகவோ தெரிந்துவிடும்.

ஈயக்கவசம்:
எங்கள் லேபில் மேலே இருந்து தொங்கும் ஈயக் கண்ணாடி இருக்கிறது. மருத்துவர் அது கைக்கு இடிக்கிறது என்று சுவரோரம் தள்ளிவிட்டார். அதன் மேல் இப்போது துண்டு காய்கிறது.

அலகுகோல்:
அந்தத் துண்டை எடுத்துவிட்டுத் தடுப்பைக் கீழே இழுங்கள், மற்றதெல்லாம் பிறகு. கதிர் நேராக உங்கள் மேல் வருவதில்லை. நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறித்தான் வருகிறது. குழாய் மேசைக்குக் கீழே எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சிதறல் அதிகம். ஸ்பைடர் வியூ என்ற சாய்வுக் கோணத்தில் படம் எடுக்கும்போது குழாய் மருத்துவர் நிற்கும் பக்கம் வந்துவிடும், அப்போது அவரும் அவர் பின்னால் நிற்பவரும் வாங்குவதுதான் உச்சம். சினே ஓட்டினால் ஃப்ளூரோவைப் போலச் சுமார் பத்து மடங்கு. அந்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டிய வேலை இல்லையென்றால் ஓர் எட்டுப் பின்னால் போங்கள். தொலைவு இரட்டித்தால் அளவு கால்வாசியாகும். இதற்குப் பைசா செலவில்லை, யார் அனுமதியும் வேண்டாம். மேசைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரை, பக்கவாட்டையும் மறைக்கும் ஈய மூக்குக்கண்ணாடி, இரண்டையும் எழுதிக் கேளுங்கள்.

கடற்கரைமணல்:
சரி, தடுப்புப் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இப்படி எழுதினால் நாளைக்கு நெஞ்சுவலியோடு வருபவன் ஆஞ்சியோவே வேண்டாம் என்று ஓடிவிடுவான்.

இருட்டறை:
நோயாளி ஒரு நாள் படுத்து எழுந்து போகிறார், அவருக்கு உயிர் மிஞ்சுகிறது. நாம் அங்கேயே நிற்கிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சங்கப்பலகை:
தொழிற்சங்க வேலையில் இருப்பவன். இதுவரை யாரும் தொடாத ஒன்று: நாளைக்கு நோய் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஜப்பானில், வேலைக் காலத்தில் வருடத்துக்கு 5 மில்லிசீவர்ட் கணக்குக்கு மேல் வாங்கி, ஒரு வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தால் இழப்பீட்டுக்குத் தகுதி என்று 1976இலேயே விதி செய்துவிட்டார்கள். ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு வேலை செய்த ஒருவருக்கு 2015 அக்டோபரில் அப்படித்தான் கிடைத்தது. அவர் வாங்கியது மொத்தம் 20 மில்லிசீவர்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நோய் இதனால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. அளவுப் பதிவு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. பிரிட்டனில் 1982இல் தொடங்கிய திட்டத்தில், நோய்க்கு வேலை காரணமாக இருக்கும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வந்தாலே ஒரு பங்குப் பணம் உண்டு. அதற்கும் அடிப்படை பேட்ஜ் கணக்குத்தான்.

நம் நாட்டில் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் கதிர்வீச்சால் வரும் நோய்கள் இருக்கின்றன. காகிதத்தில் உரிமை உண்டு. ஆனால் நீங்கள் போய் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டப்போவது உங்கள் அறிக்கையைத்தான். எல்லா வரியிலும் பூஜ்யம். "இவர் கதிர்வீச்சே வாங்கவில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். டிராயரில் பேட்ஜ் வைப்பவர் தன் நோய்க்குத் தானே எதிர்சாட்சி தயார் செய்கிறார்.

திருவெறும்பூரான்:
இதைத்தான் பையன்களிடம் சொல்லத் தெரியாமல் இருந்தேன். ஆனால் பேட்ஜ் போட்டு அளவு கூடினால் வேலை போகிறதே, அதற்கு என்ன வழி? இருபது வருடம் கழித்து வரும் நோயைவிட இந்த மாதச் சம்பளம்தான் அவர்களுக்குப் பெரிது. குற்றம் சொல்ல முடியவில்லை.

சங்கப்பலகை:
குற்றம் அவர்களுடையது அல்ல. அளவு கூடினால் ஏன் கூடியது என்று வேலையிடத்தை விசாரிக்க வேண்டும். இங்கே ஆளை விசாரிக்கிறார்கள். தனி ஆளாகக் கேட்டால் நீக்குவார்கள், ஷிஃப்டே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் யோசிப்பார்கள். மீட்டர் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். அதை மறுத்து எழுத்தில் பதில் தர எந்த ஒப்பந்ததாரருக்கும் துணிச்சல் வராது.

ஈயக்கவசம்:
இன்று கண்ட்ரோல் பேட்ஜை மருத்துவப் பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். ஆர்.எஸ்.ஓ. ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துக்கு இரண்டாவது பேட்ஜ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய வருடங்களுக்கு என்ன செய்வது? இதற்கு முன்பு வேலை பார்த்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள், அந்த அறிக்கை எதுவும் என்னிடம் இல்லை.

அலகுகோல்:
உங்கள் அறிக்கையில் தனிநபர் எண் ஒன்று இருக்கும். வேலை மாறினாலும் அந்த எண் மாறக்கூடாது. நாட்டில் கண்காணிக்கப்படும் அனைவரின் அளவும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் அந்த எண்ணில்தான் சேர்கிறது. புது இடத்தில் உங்களைப் புது ஆளாகப் பதிந்து வேறு எண் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், இது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் இரண்டையும் இணைக்கச் சொல்லி ஆர்.எஸ்.ஓ. மூலம் எழுதுங்கள்.

பூஜ்யமாகப் போன வருடங்களைத் திருத்த முடியாது. ஆனால் லேபின் கேஸ் பதிவேட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் ஃப்ளூரோ நேரமும் கருவி காட்டும் டோஸ் அளவும் இருக்கும். நீங்கள் உள்ளே இருந்த கேஸ்களின் தேதி, நேரம், நின்ற இடம், தடுப்பு இருந்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கண் மருத்துவரிடம் லென்ஸைப் படம் எடுத்துத் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் ஒப்பிட அது வேண்டும்.

வெண்சங்கு:
கடிதம் கொடுத்துவிட்டேன். கன்சோலுக்கு மாற்றியிருக்கிறார்கள். படியைப் பற்றி நாளைக்குப் பேசுகிறேன் என்றிருக்கிறார்கள்.

சங்கப்பலகை:
அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சகோதரி.